புரியாத பாஷைக்குத் தலையாட்டியவன்

மகன் காதருக்கு, உன் நைனா சலாம் சொல்லி எழுதுவது. உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. ‘அன்புள்ள அப்பாஜானுக்கு’ என்று தொடங்கியிருந்தாய். வேறு யாருக்கோ போட வேண்டிய கடிதம் உறை மாறி வந்துவிட்டதோ என்று ஒருமுறை விலாசத்தைத் திருப்பிப் பார்த்தேன். இருபத்தாறு வயது வரை நைனா என்றுதான் கூப்பிட்டாய். சென்னையில் நாலு வருஷம் தோல் மண்டியில் கணக்கு எழுதியதில் நான் அப்பாஜான் ஆகிவிட்டேன் போலிருக்கிறது. இருக்கட்டும். பெண் வீட்டார் கௌரவமான குடும்பம், உருது பேசுகிறவர்கள், நம் வீட்டிலும் உருதுதான் பேசுவோம் என்று அவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறாய். அதனால் நான் நிக்காஹுக்கு வரும்போது அதிகம் பேச வேண்டாம், யார் எது சொன்னாலும் சிரித்துக்கொண்டு ‘ஜீ’ என்று சொன்னால் போதும் என்கிறாய். உன் அம்மா வாயைத் திறந்தால் ஒரு நிமிஷத்தில் எல்லாம் தெரிந்துவிடும், ஆகவே அவள் படுத்த படுக்கையாக இருக்கிறாள் என்று சொல்லி ஊரிலேயே விட்டுவிட்டு வர வேண்டும் என்கிறாய். இவ்வளவையும் படித்துவிட்டுக் கடிதத்தை மடித்து வைத்திருப்பேன். வயதானவன் நான், இதைவிடப் பெரிய வார்த்தைகளை எல்லாம் விழுங்கியிருக்கிறேன். ஆனால் கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறாய்: ‘அந்தக் கடப்பைக்காரர்கள் ஹலீமா அக்காவை ஏமாற்றிக் கட்டிக்கொண்டு போனதே நமக்குப் பாஷை தெரியாததால்தான். நான் அப்படி ஏமாற மாட்டேன்.’ அந்த வரிக்காகத்தான் இந்தக் கடிதம். உட்கார்ந்து நிதானமாகப் படி. அவர்கள் நம்மை ஏமாற்றவில்லை, காதர்.

நம் கடையைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மலையடிவாரத்தில் குளத்துக்குப் போகிற வழியில் ஜவ்வாதும் சாம்பிராணியும் பன்னீரும் விற்றுத்தான் உங்கள் இரண்டு பேரையும் வளர்த்தேன். ஆடிக்கிருத்திகை வந்தால் காவடி எடுக்கிறவர்கள் நகரியிலிருந்தும் புத்தூரிலிருந்தும் வருவார்கள், அரக்கோணத்திலிருந்தும் வருவார்கள். தெலுங்கில் கேட்டால் தெலுங்கில் கொடுப்பேன், தமிழில் கேட்டால் தமிழில். ஒருமுறை மராட்டியக் குடும்பம் ஒன்று வந்து நின்றபோது, “எனக்கு ஒண்ணும் புரியலம்மா, கையால காட்டுங்க” என்று சொல்லிச் சிரித்தேன். அந்த அம்மாவும் சிரித்துக்கொண்டே காட்டினார்கள். புரியவில்லை என்று சொல்ல எனக்கு அந்தக் கடையில் ஒரு நாளும் கூச்சம் வந்ததில்லை. அங்கே நான் வியாபாரி. பள்ளிவாசலுக்குள் போனால்தான் எனக்கு வேறு புத்தி. நம் ஹஜ்ரத் வேலூர்ப் பக்கத்தவர், உனக்கு நினைவிருக்கும். ஜும்ஆவில் அரபியில் குத்பா ஓதிவிட்டு, தொழுகை முடிந்ததும் உருதுவில் அரை மணி நேரம் பயான் செய்வார். கேட்டுக்கொண்டிருந்த நாங்கள் இருபது பேரில் பதினைந்து பேருக்கு அதில் பத்து வார்த்தைகூட விளங்காது. வண்டியோட்டி, பீடிக்காரர், வெற்றிலைத் தோட்டக்காரர், எல்லாரும் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள். ஆனாலும் அவர் குரல் உயர்ந்தால் சுப்ஹானல்லா என்போம், தாழ்ந்தால் தலையை ஆட்டுவோம். விளங்கவில்லை என்று சொன்னால் முஸ்லிமில் குறைந்தவர்கள் ஆகிவிடுவோம் என்று ஒவ்வொருவனுக்கும் உள்ளுக்குள் பயம். ஊர்க்காரர்களும் அப்படித்தானே நினைத்தார்கள். தாலுக்கா ஆபீஸ் சேவகன் ஒருவன் கடைக்கு வந்து, “இன்னா பாய், துலுக்கனா பொறந்துட்டு துலுக்க பாஷை தெரியாதுன்றியே” என்று கேட்டபோது, “தெரியும் தெரியும், பேசற பழக்கந்தான் இல்ல” என்று சொன்னேன். அதுதான் முதல் பொய். சின்னப் பொய்தான்.

உன் அம்மாவுக்கு அந்த நோய் இல்லை. மேல்விஷாரத்துப் பக்கத்தில் பிறந்தவள், தமிழ் எழுத்துக்கூடத் தெரியாது. ஆனால் தமிழையே அரபு எழுத்தில் எழுதுகிற அரபுத்தமிழை அவள் மாமியிடம் படித்து வந்தாள். நபிமார்கள் கதையும் தொழுகை விளக்கமும் அந்தப் புத்தகங்களில் அவள் படித்துத் தெரிந்துகொண்டவை. நான் முப்பது வருஷத்துக்கு மேலாக அல்ஹம்து சூரா ஓதுகிறேன். அதில் ஒவ்வொரு ஆயத்துக்கும் அர்த்தம் என்ன என்று கேட்டால் அவள்தான் சொல்வாள், நான் இல்லை. ஹலீமாவுக்கும் அந்த எழுத்தைச் சொல்லிக்கொடுத்தாள். உனக்குச் சொல்லிக்கொடுக்க வந்தபோது, “அரபியும் இல்ல, தமிழும் இல்ல, இத எதுக்கும்மா படிக்கணும்” என்று எழுந்து போய்விட்டாய். அன்றைக்கு உன்னைத் தட்டிக் கேட்காமல் நானும் சிரித்தேன்.

உலகச் சண்டை தொடங்கின இரண்டாம் வருஷம், கடப்பையிலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். நீ அப்போது சித்தூரில் படித்துக்கொண்டிருந்தாய். கரீம் சாயபு என்ற பெரியவரும் அவர் மகன் யூசுபும் இன்னும் ஆறு பேரும் ரயிலிறங்கி வந்தார்கள். ஷெர்வானி, துருக்கித் தொப்பி, பேச்சில் அவ்வளவு நயம். நம் வீட்டு வாசலுக்கு அப்படிப்பட்டவர்கள் வந்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளிவாசல் முன்கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தோம். ஹஜ்ரத்தும் இருந்தார். நம் பக்கத்து ஆட்கள் நாலு பேர் இருந்தார்கள், என்னைப் போலத்தான் அவர்களும். பெரியவர் பேசத் தொடங்கினார். மெதுவாக, என் முகத்தைப் பார்த்துப் பேசினார். நடுவில் பீவி என்ற சொல் காதில் விழுந்தது. மணப்பெண்ணைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அவர் குரல் கொஞ்சம் தழுதழுத்தது. மகன் மேல் பாசம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கடைசியில் நிறுத்தி, என்னிடம், “மன்சூர்?” என்று கேட்டார். சம்மதமா என்று அர்த்தம், அந்த ஒரு சொல் எனக்குத் தெரியும். யூசுப் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். ஹஜ்ரத் என்னைப் பார்த்தார். நான் சிரித்துக்கொண்டு, “ஜீ, மன்சூர், மன்சூர்” என்றேன். இரண்டு முறை சொன்னேன். எட்டுப் பேரும் ஒரே குரலில் அல்ஹம்துலில்லாஹ் என்றார்கள். பெரியவர் எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா கேட்டாள், “இன்னாங்க சொன்னாங்க, அவ்ளோ நேரம்?” என்று. “எல்லாம் நல்ல விஷயந்தான், குடும்பத்தப் பத்திச் சொன்னாங்க” என்றேன்.

அவர் சொன்னது இதுதான், எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. யூசுபுக்கு எட்டு வருஷத்துக்கு முன்பே ஒரு நிக்காஹ் ஆகியிருந்தது. பிள்ளை இல்லை. அந்தப் பெண் நல்லவள், அவளை விலக்க அவர்களுக்கு மனமில்லை. அவளே சம்மதித்துத்தான் இரண்டாவது சம்பந்தம் தேடுகிறார்கள். இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருப்பார்கள், இதை மறைத்துப் பெண் எடுக்க விரும்பவில்லை, உங்களுக்கு இதில் மனத்தாங்கல் இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள், நாங்கள் ஒரு வருத்தமும் இல்லாமல் எழுந்து போகிறோம். சபையில், ஹஜ்ரத்தை வைத்துக்கொண்டு, ஒரு மனிதன் இதைவிட நேர்மையாகப் பேச முடியாது. நான் மன்சூர் என்றேன்.

நிக்காஹ் முடிந்து அவள் கடப்பைக்குப் போன மூன்று மாதம் கழித்து ஹலீமாவின் கடிதம் வந்தது, அம்மாவுக்கு, அரபுத்தமிழில். அந்த வீட்டில் கடிதத்தைப் பார்த்தவர்கள் அரபு எழுத்து என்று கண்ணில் ஒற்றிக் கொடுப்பார்களாம், எழுத்துக் கூட்டத் தெரிந்தவர்களுக்கும் பொருள் புரியாதாம். உன் அம்மா அடுப்பங்கரையில் நின்றுகொண்டு எனக்கு வாசித்துக் காட்டினாள். ‘இங்கே எனக்கு முன்னாலேயே ஒருத்தர் இருக்காங்க அம்மா. என்கிட்ட அன்பாத்தான் இருக்காங்க. நான் போய் நிக்கறப்போதான் எனக்குத் தெரிஞ்சது. இங்க எல்லாரும், உங்க நைனாவுக்கு எல்லாம் தெரியும், சபையில ஒத்துக்கினாருன்னு சொல்றாங்க. நைனாவுக்குத் தெரியுமா அம்மா? தெரிஞ்சேதான் அனுப்பினாரா?’

உன் அம்மா கடிதத்தை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தாள். “தெரியுமாங்க?”

அந்தக் கணத்தில் எனக்கு விளங்கிவிட்டது, காதர். மனைவியைச் சொன்ன அந்தப் பீவி என்ற சொல், தழுதழுத்த குரல், குனிந்த தலை, எல்லாம் ஒன்றாக வந்து நின்றன. அப்போதாவது, “அவங்க சொன்னாங்க, எனக்குத்தான் விளங்கல” என்று சொல்லியிருக்கலாம். “எனக்கு எப்படித் தெரியும்? ஒரு வார்த்த சொல்லல. ஏமாத்திட்டானுங்க” என்றேன். அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அழுதுகொண்டே மகளுக்குப் பதில் எழுதினாள், நைனாவுக்குத் தெரியாது, அவரை ஏமாற்றிவிட்டார்கள் என்று. அன்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க அதையே சொன்னேன். மறுநாள் ஹஜ்ரத் கடைக்கு வந்தார். வாடிக்கைக்காரர் போகும்வரை காத்திருந்து, அவருக்குத் தெரிந்த தமிழில் மெதுவாகக் கேட்டார்: “பாய், நானும் அங்கதானே இருந்தேன். உங்களுக்கு அன்னிக்கு வெளங்கலையா?” அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. வழிதான் காட்டினார். “எனக்கு நல்லா வெளங்கும். அவங்க அப்படி ஒண்ணும் சொல்லல” என்றேன், அவர் முகத்துக்கு நேராக. அதற்குப் பிறகு அவர் இருக்கும் பக்கம் நான் போவதில்லை. தொழுகைக்குக் கடைசி வரிசை, முடிந்ததும் முதல் ஆளாய் வெளியே.

சித்தூரிலிருந்து நீ விடுமுறைக்கு வந்தபோது உன்னிடமும் அதே பொய்யைத்தான் சொன்னேன். உனக்கு ரத்தம் கொதித்தது. யாரிடமும் சொல்லாமல் கடப்பைக்குப் போய், கடைத்தெருவில் நாலு பேர் பார்க்க யூசுபைக் கன்னத்தில் அறைந்துவிட்டு வந்தாய். “நைனாவை ஏமாத்தினவனை விடுவனா” என்று நீ சொன்னபோது, உன்னை நிறுத்தி உண்மையைச் சொல்லாமல், உன் தோளைத் தட்டினேன். அதற்குப் பிறகு ஹலீமாவிடமிருந்து கடிதம் வரவில்லை. கையை நீட்டியவன் வீட்டுக்குப் போக்குவரத்து வேண்டாம் என்று பெரியவர் சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

அந்த வருஷங்களில் ஒரு நாள் சரக்கு வாங்க அரக்கோணம் போயிருந்தேன். ஸ்டேஷனில் பட்டாளத்து ரயில் நின்றது. ஆப்பிரிக்கச் சிப்பாய்கள். அதில் ஒருவன், ஆறடிக்கு மேல் உயரம், என் தொப்பியைப் பார்த்ததும் இறங்கி வந்து சலாம் சொன்னான். அஸர் தொழுகை நேரம். பிளாட்பாரத்தின் ஓரத்தில் இரண்டு பேரும் சேர்ந்து நின்று தொழுதோம். அவன் கைகட்டாமல் தொங்கவிட்டுத் தொழுதான், அவர்கள் வழக்கம் போலிருக்கிறது. முடிந்ததும் அவன் என்னிடம் ஏதோ சொன்னான். நான் கையை விரித்தேன். நான் தமிழில் ஏதோ சொன்னேன், அவனும் கையை விரித்தான். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். சலாம் என்பதற்கு மேல் எங்களுக்குப் பொதுவாக ஒரு சொல் இல்லை, அதனால் அவனுக்கு என் மேல் மரியாதை குறையவும் இல்லை. ரயில் போன பிறகு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். இவ்வளவு தூரத்திலிருந்து வந்தவனிடம் புரியவில்லை என்று காட்ட முடிந்தது, கடப்பையிலிருந்து வந்தவரிடம் ஏன் முடியவில்லை என்று நினைத்துக்கொண்டு. அப்போதும் வீட்டுக்கு வந்து உண்மையைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அடுத்தது நடந்திருக்காது.

அடுத்தது அந்தத் தபால் அட்டை. நீ சென்னைக்குப் போன மறு மாதம் வந்தது. கடப்பை முத்திரை, முழுக்க உருது. உன் அம்மா எழுத்தைக் கூட்டிப் பார்த்துவிட்டு, “ஹலீமான்னு இருக்குதுங்க. மத்தது வெளங்கல” என்றாள். “யாருகிட்டயாச்சும் காட்டுங்க” என்றாள். படிக்கத் தெரிந்தவர் ஊரில் ஹஜ்ரத் ஒருவர்தான். என் கடையிலிருந்து நூறு அடி. நான் போகவில்லை. வைது எழுதியிருப்பார்கள், அதைப் போய் அவர் வாயால் கேட்க வேண்டுமா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்று நாள் அந்த அட்டை கடையில் சாம்பிராணி டப்பாவுக்கு அடியில் கிடந்தது. நாலாம் நாள் சரக்கு வாங்கப் போனபோது, என்னை யாரென்று தெரியாத ஒரு மோதினாரிடம் அரக்கோணம் பள்ளிவாசலில் காட்டினேன். அவர் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். ஆண் குழந்தை பிறந்திருக்கிறது, தாய்க்குக் காய்ச்சல் இறங்கவில்லை, அம்மாவைக் கேட்கிறாள், உடனே புறப்பட்டு வாருங்கள். பழைய மனத்தாங்கலை எல்லாம் விட்டுவிட்டுப் பெரியவரே எழுதியிருந்தார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஹலீமாவை அடக்கி ஒரு நாள் ஆகியிருந்தது. நீ வரவில்லை. அந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று எழுதினாய். யூசுபின் மூத்த மனைவி குழந்தையை மடியில் வைத்திருந்தாள். உன் அம்மாவைக் கண்டதும் எழுந்து வந்து கையைப் பிடித்து ஏதோ சொன்னாள். உன் அம்மா கையை உதறிவிட்டாள். என் மகளைக் கொன்றவர்கள் என்றுதானே நான் அவளை நினைக்க வைத்திருந்தேன். குழந்தையைக்கூட வாங்காமல் வண்டியில் போய் உட்கார்ந்துகொண்டாள். நான் பெரியவர் முன்னால் நின்றேன். என்ன செய்வதென்று தெரியாமல், கடையில் பேசிப் பழகிய வாயால் தெலுங்கில் ஏதோ முனகினேன். அவர் உடனே தெலுங்கிலேயே பதில் சொன்னார். தண்ணீர்போல் ஓடுகிற தெலுங்கு, என்னுடையதைவிட நல்ல தெலுங்கு. “சபலோ செப்பானு கதா? மீரு தல ஊபாரு கதா?” சபையில் சொன்னேனே, நீங்கள் தலையாட்டினீர்களே, என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார். கடப்பையில் பிறந்து வளர்ந்தவருக்குத் தெலுங்கு தெரியாமல் இருக்குமா? அன்றைக்குப் பள்ளிவாசல் முன்கூடத்தில், ‘அர்த்தம் காலேது’, விளங்கவில்லை, என்று இரண்டே சொல் சொல்லியிருந்தால் போதும், அவர் எல்லாவற்றையும் தெலுங்கில் திருப்பிச் சொல்லியிருப்பார். முஸ்லிம் சபையில் உட்கார்ந்து தெலுங்கு பேசினால் கேவலம் என்று என் வாய் மூடிக்கொண்டது. பிறகு மூத்தவள் சொன்னதையும் அவரே எனக்குத் தெலுங்கில் சொன்னார். காய்ச்சலில் ஹலீமா ‘அம்மா, அம்மா’ என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாளாம். பதில் இல்லாவிட்டால் பயப்படுவாளே என்று இவள் பக்கத்தில் படுத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் ‘ஆங்’ என்று சொல்லிக்கொண்டிருந்தாளாம். உன் அம்மாவின் கையைப் பிடித்துச் சொல்ல வந்தது அதைத்தான்.

அதை நான் உன் அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் எல்லாமே வெளியே வந்துவிடும். நாலு வருஷம் ஆயிற்று. சரக்கு வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வருஷத்துக்கு இரண்டு முறை கடப்பைக்குப் போய் உன் அக்கா மகனைப் பார்த்துவிட்டு வருகிறேன். என்னிடம் தெலுங்கில் பேசுவான். மூத்தவளை அம்மீ என்று கூப்பிடுகிறான். இப்படி ஒரு பேரனை நான் மட்டும் திருட்டுத்தனமாகப் பார்த்துக்கொண்டு, பெற்ற மகளைப் பறிகொடுத்தவளுக்கு இல்லாமல் செய்தேன்.

இப்போது நீ எழுதுகிறாய், சபையில் சிரித்துக்கொண்டு ‘ஜீ’ என்று மட்டும் சொல்லும்படி. பாஷை தெரியாதது ஒரு குற்றமில்லை, மகனே. உலகத்தில் பாதி முஸ்லிமுக்குப் பாதி முஸ்லிமின் பாஷை தெரியாது. உருது நல்ல பாஷை, கற்றுக்கொள், உன் மனைவியோடு அதிலேயே பேசு. தெரியாததைத் தெரிந்ததுபோல் காட்டி நான் ஒரு பெண்ணைக் குழியில் வைத்தேன். நீ அதையே வீட்டு வழக்கமாக ஆக்கப் பார்க்கிறாய். நாடு இரண்டான பிறகு கடைக்கு வந்த ஒருவன், “உங்க பாஷைக்காரங்க எல்லாம் கெளம்பறாங்களே, நீங்க எப்போ?” என்று கேட்டான். “என் பாஷைக்காரன் நீதாம்பா” என்று சொன்னேன். அதைச் சொல்ல எனக்கு இவ்வளவு வயது ஆக வேண்டியிருந்தது.

உன் கடிதம் வந்த மறுநாள் பெண் வீட்டாருக்கு நான் தமிழிலேயே ஒரு கடிதம் போட்டுவிட்டேன். எங்கள் வீட்டுப் பாஷை தமிழ், மாப்பிள்ளையின் தாய்க்கு வேறு பாஷை தெரியாது, அவள் நோயாளி இல்லை, இது சம்மதமானால் மேலே பேசலாம் என்று எழுதியிருக்கிறேன். சம்பந்தம் முறிந்தால் என் மேல் கோபப்படு. இப்போது முறிவது நல்லது. யூசுபை நீ அடித்ததற்கு என்ன செய்ய வேண்டும் என்று உனக்கே தெரியும்.

பிறகு உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மத்தியானம், கடையைச் சாத்திவிட்டு வந்து சொன்னேன். மன்சூர் என்று சொன்னதிலிருந்து, மூத்தவள் ‘ஆங்’ சொன்னதுவரை. அவள் அழவில்லை. “அவ கேட்டுக்கினே இருந்தா, நைனாவுக்குத் தெரியுமான்னு. நீங்க பொய் சொன்னது போவட்டும். அத என் கையால எழுத வச்சீங்க” என்றாள். அவ்வளவுதான். ஐந்து நாள் எனக்குச் சோறு வைத்தாள், பேசவில்லை. இன்று காலை பர்தாவைப் போட்டுக்கொண்டு, குழந்தைக்கென்று இரண்டு சட்டையும் கொஞ்சம் பலகாரமும் கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். கடப்பைக்குப் போகிறாளாம். நானும் வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். தனியாக ரயிலேறியவளே இல்லை. “உனக்குத் தெலுங்கும் வராது, உருதுவும் வராது. அங்கே போய் அவங்ககிட்ட எப்படிப் பேசுவே?” என்று கேட்டேன்.

“வெளங்கலன்னா வெளங்கலன்னு சொல்வேன்” என்றாள். “அதுக்கு இன்னா இப்போ.”

ஸ்டேஷன் வரை பின்னாலேயே போனேன். திரும்பிப் பார்க்கவில்லை. எப்போது வருவாள் என்றும், உன் கல்யாணத்துக்கு வருவாளா என்றும் எனக்குத் தெரியாது. கேட்க எனக்கு உரிமை இல்லை. நீ கேட்பதானால் கடப்பை விலாசத்துக்கு எழுது. அவளுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது என்பதை மறந்துவிடாதே. நேரில் போவதுதான் நல்லது.

நைனா